மூன்று நாடுகளுக்கு கேப்டன், ஆனால் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை: யார் இந்த சதாசிவம்?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டபோதுதான், நம்ம டெல்டாக்காரர்கள் பலருக்கும் இலங்கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது உறைத்தது. சுமார் 110 கிலோமீட்டர். நாகையிலிருந்து திருச்சி போகிற தூரத்தைவிடக் குறைவு. தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் இலங்கை வானொலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். பாட்டும் செய்தியும் அங்கிருந்து தெளிவாகக் கேட்கும்.

ஆனால் கிரிக்கெட் என்று வந்தால், இலங்கை நமக்கு 1996-ல்தான் தொடங்குகிறது. ஜெயசூர்யா, அரவிந்த டி சில்வா, லாகூரில் தூக்கிய உலகக் கோப்பை, அப்புறம் முரளிதரன். அதற்கு முன்னாடி? கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அர்ஜுன ரணதுங்கவின் ஆரம்ப காலம், துலீப் மெண்டிஸ் என்று பின்னோக்கிப் போவார்கள். அதற்கும் முன்னால் சுமார் நூறு வருஷம் அந்தத் தீவில் கிரிக்கெட் ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். அந்தக் காலத்தின் மிகப்பெரிய பேட்ஸ்மேன் ஒரு தமிழர். சிலோன், சிங்கப்பூர், மலாயா என மூன்று அணிகளுக்கு கேப்டனாக இருந்தவர். சேப்பாக்கத்தில் இரட்டைச் சதம் அடித்தவர். பிராட்மனுக்கு எதிராக டாஸ் போடப் போனவர். மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 20 மாதம் சிறையில் இருந்துவிட்டு விடுதலையானவரும் அவர்தான்.

பெயர் மகாதேவ சதாசிவம். கொழும்பில் எல்லோருக்கும் 'சதா'.

எங்கிருந்து வந்தார்?

1915 அக்டோபர் 18-ல் கொழும்பில் பிறந்தார். படித்தது வெஸ்லி கல்லூரி. இலங்கையில் 'கல்லூரி' என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், குழம்ப வேண்டாம். அந்த நாட்டு கிரிக்கெட்டைப் புரிந்துகொள்ள இந்தப் பள்ளிக்கூடங்களில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ராயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் இடையிலான வருடாந்திர மேட்ச் 1879-லிருந்து நடக்கிறது. ரஞ்சி டிராபி தொடங்கியது 1934-ல். அதாவது நமக்கு மாநில அளவிலான போட்டி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கொழும்பில் பள்ளிப் பையன்கள் ஆடும் மேட்சைப் பார்க்க ஊரே திரண்டு போகும் பழக்கம் இருந்தது.

பள்ளி முடிந்தால் கிளப். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கொழும்பு கிளப்புகள் சமூகவாரியாகப் பிரிந்து கிடந்தன. வெள்ளைக்காரர்களுக்கு கொழும்பு கிரிக்கெட் கிளப், சிங்களவர்களுக்கு எஸ்.எஸ்.சி., பறங்கியருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, மலாய்க்காரர்களுக்கு ஒன்று. தமிழர்களுக்கு 1899-ல் தொடங்கிய தமிழ் யூனியன். இதைக் கேட்டு ரொம்ப ஆச்சரியப்படத் தேவையில்லை. அதே காலத்தில் பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் என்று அணி பிரித்துத்தான் ஆடினார்கள். சென்னையில் பொங்கல் சமயத்தில் நடந்த பிரசிடென்சி மேட்ச் என்பதே இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையிலான ஆட்டம்தான்.

சதா தமிழ் யூனியனில் சேர்ந்தார். அங்கே ஆடிய ஆட்டத்தால் சிலோன் அணிக்குள் வந்தார். ஆட்டம் எப்படி இருக்கும்? வீடியோ கிடையாது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, அவர்களிடம் கேட்டவர்கள் எழுதி எழுதி நமக்கு வந்து சேர்ந்ததுதான் இருக்கிறது. எல்லோரும் ஒத்துப்போகும் ஒரு விஷயம், லேட் கட். பந்து கீப்பரின் கைக்குப் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கும் நொடியில், மணிக்கட்டைத் திருப்பி அதைத் தேர்ட்மேன் பக்கம் நழுவ விடுவாராம். பலத்தை வைத்து ஆடுபவர் இல்லை, நேரத்தை வைத்து ஆடுபவர்.

இன்னொரு பக்கமும் எல்லோரும் சொல்வதுதான். பயிற்சி பிடிக்காது. பார்ட்டி பிடிக்கும். இரவு முழுக்க நடன விடுதியில் இருந்துவிட்டு, காலையில் அதே உடுப்போடு மைதானத்துக்கு வந்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சதம் அடித்துவிட்டுப் போவார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்று இப்போது பிரிப்பது கஷ்டம். புள்ளிவிவரம் இல்லாத இடத்தில் கதைதான் வளரும்.

சேப்பாக்கம், 1947

கதையில்லாமல் கணக்கில் இருக்கிற ஆட்டம் ஒன்று உண்டு. அது நடந்தது நம்ம சென்னையில்.

1947 தொடக்கத்தில் சிலோன் அணி சேப்பாக்கத்துக்கு வந்தது. எதிரணி தென்னிந்தியா. இந்தியா அப்போது டெஸ்ட் ஆடும் நாடு. 1932-லிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. சிலோன் அப்படி இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி மாதிரி, அண்ணன் கூப்பிட்டால் வந்து ஆடிவிட்டுப் போகும் அணி. அந்த மேட்சில் சதாசிவம் 215 ரன் அடித்தார்.

அந்த இன்னிங்ஸைப் பார்த்த சென்னை ரசிகர்கள் அதைப் பல வருஷம் பேசினார்கள். முதல்தர கிரிக்கெட்டில் அவருடைய அதிகபட்ச ஸ்கோரும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், அவருடைய மொத்த முதல்தர மேட்சுகளே ஒரு டஜனை எட்டவில்லை. இன்றைக்கு ஒரு ரஞ்சி வீரர் இரண்டு சீசனில் ஆடி முடிக்கும் எண்ணிக்கை அது. நாட்டின் தலைசிறந்த பேட்ஸ்மேனுக்கே வாழ்நாள் முழுக்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஏன்?

கப்பல் நின்றால்தான் கிரிக்கெட்

சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே போன கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும். நிலக்கரி, தண்ணீர், காய்கறி ஏற்ற வேண்டும். பயணிகள் ஒரு நாள் இறங்கி ஊர் சுற்றலாம். அந்தக் கப்பலில் கிரிக்கெட் அணி இருந்தால், அந்த ஒரு நாளில் உள்ளூர் அணியோடு ஒரு மேட்ச். 1882-ல் ஐவோ பிளை தலைமையில் ஆஷஸ் தொடருக்குப் போன இங்கிலாந்து அணி இப்படித்தான் கொழும்பில் ஆடியது. அன்றிலிருந்து சுமார் எண்பது வருஷம் இதுவே வழக்கம்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தின் இரண்டு பெரிய அணிகளும் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. உங்களுக்கு ஒரு பகல் கிடைக்கும். வந்தவர்கள் பல நாள் கடலில் ஆடிய கால்களோடு இறங்கி, வெயிலில் கொஞ்சம் ஆடி, சாயங்காலம் கப்பல் ஏறிவிடுவார்கள். மழை வந்தால் அதுவும் போச்சு. ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

1948 மார்ச்சில் வந்தது பிராட்மனின் ஆஸ்திரேலியா. இங்கிலாந்தில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் திரும்பி, பிற்காலத்தில் 'வெல்ல முடியாதவர்கள்' என்று பெயர் வாங்கிய அதே அணி. சிலோன் சுதந்திரம் பெற்று அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொழும்பு ஓவல் மைதானத்தில் மேட்ச். தமிழ் யூனியனின் சொந்த மைதானம். சிலோன் கேப்டன் சதாசிவம். பிராட்மனைப் பார்க்க ஊரே மைதானத்தில்.

அந்த மேட்சைப் பற்றி இன்றும் சொல்லப்படும் தகவல், ஆடுகளத்தின் நீளம். 22 கஜம் இருக்க வேண்டிய பிட்ச், அளந்து பார்த்தால் 20 கஜம்தான் இருந்ததாம். யாரோ அளவு தப்பாகப் போட்டுவிட்டார்கள். கடைசியில் மழையும் வந்து ஆட்டம் முடிவில்லாமல் போனது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு, உலகின் தலைசிறந்த அணி, சொந்த மண்ணில் சொந்த கேப்டன், அதில் இரண்டு கஜம் குறைவு. அந்தக் காலத்து சிலோன் கிரிக்கெட்டின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை.

டெஸ்ட் அந்தஸ்து ஏன் கிடைக்கவில்லை?

இன்று ஐ.சி.சி. என்றால் 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கவுன்சில்'. அன்று அதில் முதல் எழுத்துக்கு அர்த்தம் 'இம்பீரியல்'. 1909-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ஆரம்பித்தது. பிறகு இந்தியா, நியூசிலாந்து, வெஸ்ட் இண்டீஸ் சேர்ந்தன. உள்ளே இருந்தால் டெஸ்ட் ஆடலாம். வெளியே இருந்தால் ஒன்றும் கிடையாது. இப்போது ஆப்கானிஸ்தான், நேபாளம், அமெரிக்கா எல்லாம் ஏறி வந்த 'அசோசியேட்' என்கிற படிக்கட்டு அப்போது கட்டப்படவே இல்லை. அது வந்தது 1965-ல்தான். அந்த முதல் படியில் கால் வைத்த நாடுகளில் சிலோனும் ஒன்று. அப்போது சதாசிவத்துக்கு வயது 49.

பாகிஸ்தானுக்கு மட்டும் எப்படி 1952-லேயே கிடைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிவினைக்கு முன்பே இந்திய டெஸ்ட் அணியில் ஆடியவர்கள் அவர்களிடம் இருந்தார்கள். முதல் கேப்டன் கர்தாரே 1946-ல் இந்தியாவுக்காக இங்கிலாந்தில் ஆடியவர். மேட் பிட்சில் பந்து போட ஃபசல் மஹ்மூத் மாதிரி ஆள் இருந்தார். சிலோனிடம் பள்ளிக்கூடங்கள் இருந்தன, கிளப்புகள் இருந்தன. மூன்று நாள், நான்கு நாள் ஆடும் உள்நாட்டுப் போட்டி பலமாக இல்லை. கிளப் கிரிக்கெட்டில் சனிக்கிழமை அடிக்கும் சதத்தை லார்ட்ஸில் யாரும் மதிப்பதில்லை. சிலோனின் கிரிக்கெட் வாரியமே 1948-ல்தான் உருவானது. அதன் முதல் தலைவர் பி.சரவணமுத்து, தமிழ் யூனியனைக் கட்டி எழுப்பியவர்.

இந்தச் சூழ்நிலையில் திறமைசாலிகளுக்கு ஒரே வழி, ஊரை விட்டுப் போவது. காமினி குணசேன கேம்பிரிட்ஜுக்கு கேப்டனாகி, நாட்டிங்ஹாம்ஷையரில் ஆடினார். ஸ்டான்லி ஜெயசிங்கவும் கிளைவ் இன்மனும் லெஸ்டர்ஷையருக்குப் போனார்கள். எஃப்.சி. டி சாரம் 1934-லேயே ஆக்ஸ்ஃபோர்டு அணிக்காக ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 128 அடித்துக் காட்டினார். சதா அப்படிப் போகவில்லை. போயிருந்தால் நிலைத்திருப்பாரா? கவுன்ட்டி கிரிக்கெட்டில் வாரம் ஆறு நாள் ஆட வேண்டும், காலையில் நேரத்துக்கு வர வேண்டும். எனக்கு சந்தேகம்தான்.

1950-ல் காமன்வெல்த் அணி கொழும்பு வந்தபோது அவர் எடுத்த 96 இன்னொரு பேசப்படும் இன்னிங்ஸ். அந்தக் காமன்வெல்த் அணியின் நட்சத்திரம் ஃபிராங்க் வோரல். சதாவைத் தான் பார்த்த மிகச்சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவராக வோரல் சொன்னதாகவும், பின்னாளில் சோபர்ஸும் அப்படியே புகழ்ந்ததாகவும் கொழும்பில் சொல்வார்கள். இந்தப் பாராட்டுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவரைப் பற்றி அந்த அளவு ஆட்களின் பெயரைச் சேர்த்துப் பேச முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

1951 அக்டோபர் 9

அன்று காலை கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள வீட்டில் சதாசிவத்தின் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். உடல் கராஜில் இருந்தது. நான்கு பெண் குழந்தைகளின் தாய்.

திருமணம் ஏற்கனவே உடைந்திருந்தது. சதாவுக்கு வேறொரு பெண்ணுடன் உறவு இருந்தது. மனைவி விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார். முந்தைய இரவு சதா அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார். காலை 10.30 மணி வாக்கில் டாக்ஸி வரவழைத்துக் கிளம்பிப் போனார். வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் ஆளும் இருந்தார். அவர் சில நாள் கழித்து, ஊரில் பிடிபட்டார்.

போலீஸ் கைது செய்தது சதாவை. அந்த வேலைக்காரர், கொலை செய்தது கணவர்தான், தான் உதவி மட்டும் செய்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். அவருக்கு மன்னிப்பு வழங்கி, அவரையே அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியாக்கினார்கள்.

வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் தொங்கியது. அந்தப் பெண் இறந்தது எத்தனை மணிக்கு? 10.30-க்கு முன்னால் என்றால் சதா சிக்குவார். அதற்குப் பின்னால் என்றால் அவர் டாக்ஸி ஏறிப் போயிருப்பார், வீட்டில் இருந்தது வேலைக்காரர் மட்டும். உடலின் விறைப்பு, வெப்பநிலை, இரைப்பையில் இருந்த உணவு என்று ஒவ்வொன்றையும் வைத்து மருத்துவர்கள் நாள் கணக்கில் வாதாடினார்கள். அரசுத் தரப்புக்குப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சாரம் சாட்சி சொன்னார் (கேப்டன் டி சாரம் வேறு, இவர் வேறு). சதா தரப்பு எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித்தைக் கூட்டிவந்தது. அந்தக் காலத்தில் தடய மருத்துவம் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது. பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் இந்த வழக்குக்கு அவர் தனியாக இடம் ஒதுக்கினார். தடய மருத்துவம் படிப்பவர்களுக்கு இன்றும் இது ஒரு பாட வழக்கு.

சதாவுக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இலங்கையின் பிரபல இடதுசாரித் தலைவர். விசாரணை 1953 மார்ச் 20-ல் தொடங்கி 57 நாள் நடந்தது. ஜூன் 25-ல் ஜூரி ஒருமனதாகச் சொன்னது: குற்றவாளி இல்லை. வேலைக்காரருக்கு ஏற்கனவே மன்னிப்பு கொடுத்தாகிவிட்டது. ஆக, அந்தக் கொலைக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை.

சதாவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தில், ஒரு மேதையின் வாழ்க்கையில் இருபது மாதம் வீணாயிற்றே என்று வருத்தப்பட்டுக் கடந்துவிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் அன்று உயிரை இழந்தது அவர் இல்லை. தாயை இழந்த நான்கு பிள்ளைகளின் தகப்பன் என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால், லேட் கட் கதைகளின் ருசி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அவர் ரிமாண்டில் இருந்த அந்த இருபது மாதத்தில் வெளியே என்னென்ன நடந்தது பாருங்கள். பாகிஸ்தான் டெஸ்ட் நாடானது. 1952-53 சீசனில் சென்னைக்கும் சிலோனுக்கும் இடையே எம்.ஜே. கோபாலன் கோப்பை தொடங்கியது. கோபாலன் யார் என்று தெரியாதவர்களுக்கு: இந்தியாவுக்கு கிரிக்கெட், ஹாக்கி இரண்டும் ஆடிய சென்னைக்காரர். அவர் பெயரிலான இந்தக் கோப்பைதான் அடுத்த முப்பது வருஷம் சிலோன் வீரர்களுக்கு மல்டி-டே கிரிக்கெட்டைப் பழக்கிய முக்கியமான பட்டறை. டெஸ்ட் கிடைக்காத நாட்டுக்குச் சென்னை தந்த வாய்ப்பு அது. சேப்பாக்கத்தில் 215 அடித்தவர் அப்போது கொழும்பில் கம்பிக்குப் பின்னால்.

இன்னொரு விநோதம். சதாவுக்குப் பிறகு சிலோன் கேப்டன் பொறுப்புக்கு வந்தவர் மேலே சொன்ன அதே எஃப்.சி. டி சாரம். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, ராணுவ கர்னல், கட்டுப்பாட்டுக்குப் பெயர் போனவர். சதாவுக்கு எல்லா விதத்திலும் நேர் எதிர். 1962-ல் அரசைக் கவிழ்க்க நடந்த ராணுவ, போலீஸ் அதிகாரிகளின் சதியில் அவரும் ஒருவர். தண்டனை விதிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்த பிறகுதான் வெளியே வந்தார். அடுத்தடுத்து இரண்டு கேப்டன்கள், இரண்டு பேரும் சிறையில். எந்த டெஸ்ட் நாட்டுக்கும் இந்தச் சாதனை இருப்பதாகத் தெரியவில்லை.

சிங்கப்பூர், மலாயா

விடுதலையான பிறகு கொழும்பில் தலைநிமிர்ந்து நடப்பது சுலபமாக இருக்கவில்லை. நீதிமன்றம் விட்டாலும் ஊர் வாய் விடாது. மறுமணம் செய்துகொண்டு, கடல் கடந்து போனார்.

போன இடம் அவருக்கு அந்நியமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத் தமிழர்கள் மலாயா ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்குப் போய்க் குடியேறியிருந்தார்கள். நம்ம டெல்டாவிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை ஒரு மாதிரி. ஆங்கிலம் படித்து குமாஸ்தா வேலைக்குப் போன இவர்கள் கதை வேறு மாதிரி. இவர்கள் தங்களுக்கென்று கிளப் கட்டினார்கள், மைதானம் பிடித்தார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் கிரிக்கெட்டில் சிலோன்காரர்களின் கை ஓங்கியே இருந்தது.

நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த சதாவை இரண்டு இடங்களும் கேப்டனாக்கின. முதலில் சிங்கப்பூர், பிறகு மலாயா. மூன்று நாட்டு அணிகளுக்கு கேப்டன் என்று இன்று வினாடி வினாவில் கேட்கப்படும் பெருமை இப்படித்தான் வந்தது. பெருமைதான். ஆனால் அதன் பின்னணி தெரிந்துகொள்வது நல்லது. மூன்றுமே அன்று டெஸ்ட் ஆடாத அணிகள். சிலோனாவது வாசலில் நின்றது. மலேசியா அசோசியேட் ஆனது 1967-ல், சிங்கப்பூர் 1974-ல். சதா அங்கே அடித்த ரன்கள் எந்த முதல்தரக் கணக்கிலும் ஏறவில்லை. சிலோனிலிருந்து புறப்பட்ட மேதை, சிலோனைவிடச் சிறிய கிரிக்கெட் நாடுகளுக்குப் போய், அங்கே மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் கொழும்பில்

வாரியம் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1965 ஜனவரியில் மைக்கேல் டிசேரா தலைமையில் அகமதாபாத்தில் இந்தியாவைத் தோற்கடித்தார்கள். அதிகாரபூர்வமற்ற டெஸ்ட்தான், இருந்தாலும் இந்திய மண்ணில் இந்தியாவை. அதே வருஷம் அசோசியேட் உறுப்பினர். 1968-ல் இங்கிலாந்து சுற்றுப்பயணம் ஏற்பாடாகி ரத்தானது. அது ஒரு தலைமுறையையே முடக்கிப்போட்டது.

1972-ல் நாட்டின் பெயரே மாறியது. சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. அந்தப் புதிய அரசியல் சட்டத்தை வடித்த அமைச்சர் வேறு யாருமில்லை, சதாவை விடுவித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா. பழைய சட்டத்தில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்புப் பிரிவு புதியதில் இல்லை. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது அரசியல் சட்டத்துக்குள்ளேயே வந்தது. ஒரு தமிழரின் உயிரைக் காப்பாற்றிய வழக்கறிஞரை, பிற்காலத்தில் தமிழர்கள் இந்தச் சட்டத்துக்காகத்தான் அதிகம் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

1975-ல் முதல் உலகக் கோப்பை. லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 329 துரத்த வேண்டும். ஜெஃப் தாம்சன் போட்ட வேகத்தில் துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். அப்படியும் ஸ்ரீலங்கா 4 விக்கெட்டுக்கு 276 எடுத்தது. தோல்விதான். ஆனால் இவர்களை இனியும் கப்பல் நிற்கும் நாளில் மட்டும் ஆடவைக்க முடியாது என்று பலருக்கும் தோன்றிய நாள் அது.

சதா இதற்குள் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். 1977 ஜூலை 9-ல் மாரடைப்பால் இறந்தார். வயது 61.

அப்புறம்?

இரண்டே வருஷத்தில், 1979 உலகக் கோப்பையில் ஸ்ரீலங்கா இந்தியாவை 47 ரன்னில் தோற்கடித்தது. 1981 ஜூலையில் வாரியத் தலைவர் காமினி திசாநாயக்க லண்டனில் பேசி முடித்து டெஸ்ட் அந்தஸ்தோடு திரும்பினார். 1882-ல் ஐவோ பிளையின் கப்பல் நின்றதிலிருந்து கணக்குப் போட்டால் 99 வருஷம்.

முதல் டெஸ்ட் 1982 பிப்ரவரி 17. எதிரணி இங்கிலாந்து. மைதானம், 34 வருஷத்துக்கு முன் சதா பிராட்மனோடு டாஸ் போட்ட அதே தமிழ் யூனியன் மைதானம். பெயர் மட்டும் பி.சரவணமுத்து ஸ்டேடியம் என்று மாறியிருந்தது. பள்ளி மாணவனாக இருந்த ரணதுங்க அரைச்சதம் அடித்தார். மூன்று விக்கெட்டுக்கு 167 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த இரண்டாவது இன்னிங்ஸ் 175-ல் சுருண்டு, மேட்ச் கைவிட்டுப் போனது. 1985-ல் முதல் டெஸ்ட் வெற்றியும் இதே மைதானத்தில்தான் வந்தது, இந்தியாவுக்கு எதிராக. பின்னாளில் 800 விக்கெட் எடுத்த முரளிதரனின் கிளப்பும் தமிழ் யூனியன்தான்.

ஆனால் சதாவுக்கும் முரளிக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி. டெஸ்ட் அந்தஸ்து வந்த முதல் ஆண்டுகளில் வினோதன் ஜான், ஸ்ரீதரன் ஜெகநாதன் என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் தமிழ்ப் பெயர்கள் அணியில் தெரிந்தன. 1983 ஜூலைக் கலவரம், அதன் பிறகு வந்த போர், யாழ்ப்பாணப் பள்ளி மைதானங்கள் வெறிச்சோடியது எல்லாம் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஸ்ரீலங்காவின் முதல் டெஸ்ட் நடந்த அதே வருஷம், செப்டம்பரில், இந்தியாவோடு அவர்களுடைய முதல் டெஸ்ட். அது சேப்பாக்கத்தில். தாம்சனின் பந்தில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போன அதே துலீப் மெண்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105 அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸிலும் சரியாக 105. மேட்ச் டிரா. அந்த 210 ரன்னும் டெஸ்ட் புள்ளிவிவரத்தில் ஏறிவிட்டது. 1947-ல் அதே மைதானத்தில் அடித்த 215-ஐத் தேடினால், முதல்தரப் பட்டியலில் போய்த்தான் தேட வேண்டும்.